எறிந்த குண்டை யார் எடுப்பது

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் நேராக நிற்பார்கள். அன்றைக்குத்தான் தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்து, போன வாரம் எங்கேயாவது போய் எதையாவது ஜெயித்துவிட்டு வந்தவர்களின் பெயரை வாசிப்பார். இனிஷியல், பெயர், வகுப்பு, பிரிவு, என்ன போட்டி, எத்தனையாவது இடம். பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளை வரிசையிலிருந்து விலகி, எல்லோரும் பார்க்க நடந்து, கொடிக்கம்பத்துப் பக்கத்திலிருக்கும் சிமெண்ட் மேடையில் ஏறும். சான்றிதழ், கைதட்டல், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் அந்த மேடையில் ஏறி இறங்கிய பிள்ளைக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது. கணக்குப் பாடத்தில் எதைக் கேட்டாலும் எழுந்து நின்று சிரிக்கும்.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் வருகிற அரசுப் பள்ளி அது. நான் அங்கே கணக்கு டீச்சர். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். வருவதை மட்டும்தான் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் என்ன நிறத்தில் புடவை கட்டி வருகிறேன் என்று பார்த்து அன்றைய நிலவரத்தைக் கணிக்க ஒரு கூட்டமே இருந்தது. மஞ்சள் என்றால் அடக்கி வாசிக்க வேண்டுமாம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து திறந்தால் போதும், சுற்றறிக்கை வர ஆரம்பித்துவிடும். கலைப் போட்டி, அறிவியல் கண்காட்சி, பேச்சு, ஓவியம், வினாடி வினா, பிறகு விளையாட்டு. எல்லாம் அந்த ஒரு பருவத்துக்குள். பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் தொடங்கலாம் என்று சாக்பீஸை எடுத்தால் பாதி வகுப்பு காலி. ஒருத்தி கும்மிக்குப் போயிருப்பாள், ஒருத்தன் தெர்மக்கோல் வெட்டப் போயிருப்பான். மிச்சமிருக்கும் பிள்ளைகளும் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஆசிரியர் அறையில் போய்ப் பொருமுவேன். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் குழுவை ஒத்திகைக்குக் கூட்டிப் போவார்கள்.

அந்த வகுப்பில் எந்தப் போட்டியிலும் இல்லாமல், ஆனால் எல்லாப் போட்டியிலும் இருந்தவள் ஒருத்தி. பத்தாம் வகுப்பு பி பிரிவு. உயரம், நல்ல தோள், கடைசி பெஞ்சு. அப்பாவும் அம்மாவும் ஊரில் மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலத்தில் விடியற்காலையில் அவளும் அம்மாவோடு போய்விட்டு, கைகால் கழுவிக்கொண்டு முதல் மணிக்குள் வந்துவிடுவாள். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு என்பது பார்த்தாலே தெரியும். அது தெரிந்ததுதான் அவளுக்கு வினையாகிப் போனது.

மேடை போட பெஞ்சு நகர்த்த வேண்டுமா, அவள். சத்துணவுக் கூடத்துக்கு அரிசி வந்து இறங்குகிறதா, அவள். ஸ்பீக்கர் பெட்டி, தண்ணீர் கேன், கீழே விழுந்துகிடக்கும் சைக்கிள்கள், ஸ்டார்ட் ஆகாத ஒரு டீச்சரின் ஸ்கூட்டி, எல்லாவற்றுக்கும் அவள்தான். "அந்தப் பெரிய பொண்ணைக் கூப்புடு" என்பார்கள். அவளும் பாதி சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பாள். முகம் கோணாமல் செய்வாள் என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. ஒருநாள் நான் சத்தம் போட்டேன். "ஏன், இந்த ஸ்கூல்ல வேற யாருக்கும் கை இல்லையா?" என்றேன். அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"பரவால்ல மிஸ். ஜல்தியா முடிச்சிட்டு வந்துர்றேன்."

அறிவியல் கண்காட்சிக்குத் திண்டிவனம் போனபோதும் அவள் வந்தாள். காற்றாலை மாதிரி ஒன்றை மூன்று பிள்ளைகள் செய்திருந்தார்கள். அட்டை, தெர்மக்கோல், ஐஸ் குச்சி, அதன் உச்சியில் ஒரு விசிறி. கூட்டமான டவுன் பஸ்ஸில் அது நசுங்காமல் போக வேண்டும் என்று அவளையும் சேர்த்து அழைத்துப் போனார்கள். வழி முழுக்க இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாளாம். காற்றாலை பரிசு வாங்கியது. அடுத்த திங்கட்கிழமை மூன்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. மூன்று பேர் மேடை ஏறினார்கள். வரிசையில் எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டியவள் அவள்தான்.

அன்றைக்கு மதியம் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்துவந்தவளிடம் கேட்டேன்.

"உனக்கு அந்த மேடையில ஏறணும்னு ஆசையே இல்லையாடி?"

அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏறணும்னு கூட இல்ல மிஸ். மைக்குல நம்ம பேரு கேட்டா எப்டி இருக்கும்னு பாக்கணும்."

"பேருதானே? தினமும் அட்டெண்டன்ஸ்ல கேக்கலையா?"

"அதுல நீங்க நம்பர்தானே மிஸ் கூப்புடுவீங்க. வூட்ல பாப்பாம்பாங்க. கொல்லையில வேலைக்குப் போனா ஏ பொண்ணேம்பாங்க. பேரை யாரும் சொல்றதே இல்ல மிஸ்."

வருத்தமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றிலிருந்து வருகைப் பதிவை நம்பரில் எடுப்பதை விட்டுவிட்டேன். ஆனால் நாற்பத்தெட்டு பெயர்களுக்கு நடுவில் நான் கடகடவென்று சொல்லும் பெயர் மைக்கில் கேட்கிற பெயர் ஆகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் குண்டு எறிய வந்த கதை வேடிக்கையானது. பள்ளியில் ஓர் இரும்புக் குண்டு இருந்தது. பல வருடமாக அதற்கு விளையாட்டு அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிற்பதுதான் வேலை. ஒருநாள் அறையைக் கூட்டப் போனவள், இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒற்றைக் கையால் அதை எடுத்து வெளியே போட்டாள். அது வாசலைத் தாண்டி, படியைத் தாண்டி, வாலிபால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பி.டி. சாரின் காலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து பொத்தென்று விழுந்தது. அவர் முதலில் திட்டினார். பிறகு அவளையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க, இன்னொரு வாட்டி போடு" என்றார்.

அவர் நல்ல மனிதர். ஆனால் ஆள் ஒருவர், பள்ளிக்கூடம் பெரியது. பையன்களின் வாலிபால் அணி அவருக்கு உயிர். இவளுக்குக் குண்டைக் கழுத்தோடு வைப்பது எப்படி, முழங்காலை மடக்கி எழுவது எப்படி, கையை எந்த உயரத்தில் விடுவது என்று இரண்டு நாள் கற்றுக்கொடுத்தார். செங்கல் தூளால் ஒரு வட்டம் போட்டார். "இதைத் தாண்டி கால் போவக் கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு வலைப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு காம்பவுண்டு சுவர் ஓரமாக அவளும் குண்டும்தான்.

ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியும். காலையில் மணி அடிப்பதற்கு முன்னும், சாயங்காலம் பஸ் வரும்வரையிலும் எறிவாள். எறிந்ததும் ஓடுவாள். குண்டு தரையைத் தொடும்போது அவள் பாதி வழி போயிருப்பாள். எடுத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி எறிவாள், மறுபடி ஓடுவாள். அப்படி ஓடுவதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கம்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒருமுறை அவள் நிதானமாக நடந்து போவதற்குள் அந்த வாண்டுகள் குண்டை உருட்டிக்கொண்டு போய் மழைநீர்க் கால்வாயில் தள்ளிவிட்டார்கள். முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவி எடுத்தாள். "இது போச்சுன்னா வேற கெடையாதும்மா" என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எறிவதும் ஓடுவதும் அவளுக்கு ஒரே வேலை ஆகிவிட்டது.

சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்காகத் திண்டிவனத்தில் நடந்த குறுவட்டப் போட்டியில் அவள் இரண்டாம் இடம் வந்தாள். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. நடுவராக இருந்தவர் குடையைப் பிடித்துக்கொண்டு குண்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்தார், எறிகிறவர்களின் காலைப் பார்க்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனால் போதும் என்று இருந்தது எல்லோருக்கும். முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குப் போகலாம் என்றார்கள். நான் அங்கே இல்லை. மறுநாள் அவள் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

திங்கட்கிழமை நானே சீக்கிரம் கிளம்பி வந்து கூட்டத்தில் நின்றேன். கும்மிக்குழுவை வாசித்தார்கள். ஓவியத்தை வாசித்தார்கள். வாலிபால் அணியை ஒவ்வொரு பையனாக வாசித்தார்கள். இவள் பெயர் வரவில்லை. வரிசையில் நின்றபடி அவள் தன் சுடிதார் துப்பட்டாவின் ஊசியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், குண்டு எறிதல்ல ரெண்டாவது வந்த பொண்ணை ஏன் வாசிக்கல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னிடம் பேசுவதற்கு முன்னால் எப்போதும் அப்படிச் செய்வார்.

"டீச்சர், குறுவட்டத்துல முதல் எடம் மட்டும்தான் வாசிக்கறது. ரெண்டு, மூணுன்னு வாசிச்சா முதல் பீரியட் போயிடும். அப்புறம் போர்ஷன் முடியலன்னு நீங்கதானே எங்கிட்ட சண்டைக்கு வருவீங்க?"

சொன்னது நியாயம்தான். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவரே இறங்கிவந்தார்.

"மாவட்டத்துல மூணுல எந்த எடம் வந்தாலும் வாசிக்கறேன். போயிட்டு வரட்டும்."

பெண் பிள்ளை வெளியூர் போவதென்றால் துணைக்கு ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும். நான் போகிறேன் என்றேன். முக்கோணவியலை அப்படியே விட்டுவிட்டு நான் கிளம்பியதை ஆசிரியர் அறையில் யாரும் நம்பவில்லை.

அவளுடைய அம்மா சம்மதம் சொல்ல நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். களை எடுத்த கையோடு, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் வராண்டாவில் நின்றார்.

"விழுப்புரத்துல போய் இன்னா மிஸ் பண்ணும் இது?"

"இரும்புக் குண்டு எறியும்மா. நல்லா எறியறா."

"அத்த எறியறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? இங்கயே எறிஞ்சா ஆவாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெயிச்சா மைக்குல பேரு சொல்லுவாங்களாமே. ராவுல தூங்காம அத்தியே சொல்லிக்கினு கெடக்குது. பொழுதோட கூட்டிக்கினு வந்துடுங்க மிஸ்" என்றார். வரும்போது எனக்கென்று மடியில் கொஞ்சம் பச்சை மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார்.

விழுப்புரம் மைதானம் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய இடம். ஒலிபெருக்கி ஒரு பக்கம் அலறிக்கொண்டிருந்தது. வேறு வேறு பள்ளிகளின் பிள்ளைகள் நிறம் நிறமாகச் சட்டை போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். பி.டி. சார் வாலிபால் பையன்களோடு மறுகோடிக்குப் போய்விட்டார். "நீங்க கூட இருங்க டீச்சர், அவ பாத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஜன்னலில் பார்த்தது மட்டும்தான்.

இங்கே வட்டம் செங்கல் தூள் இல்லை. சிமெண்ட் தரை, சுற்றிலும் இரும்பு வளையம், முன்பக்கம் வெள்ளையடித்த வளைந்த மரக்கட்டை. நடுவர் ஒரு பெண்மணி, தொப்பி போட்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. ஆளுக்கு மூன்று வாய்ப்பு என்றார். விழுந்த குண்டை எடுத்துத் திருப்பி உருட்டிவிட ஒரு கல்லூரிப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள்.

இவள் முறை வந்தது. கழுத்தில் குண்டை வைத்தாள், மடங்கினாள், எழுந்தாள். அதுவரை எறிந்தவர்கள் எல்லோரையும் தாண்டிப் போய் விழுந்தது குண்டு. நான் இருக்கிற இடம் மறந்து "ஹே" என்று கத்தினேன். அது விழுவதற்குள் இவள் மரக்கட்டையைத் தாண்டிக் குதித்து அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். குண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பினாள். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தார்.

நான் விறுவிறுவென்று கயிற்றுக்கு அருகே போனேன்.

"ஏங்க, எறியும்போது அவ கால் உள்ளதானே இருந்துச்சு? நான் பாத்தேனே!"

"எறியும்போது உள்ளதாங்க இருந்துச்சு. குண்டு தரையில விழறவரைக்கும் வட்டத்தை விட்டு வரக் கூடாது. அப்புறமும் முன்பக்கமா வரக் கூடாது. பின்பாதி வழியா நடந்துதான் வெளிய போவணும். ரூல்ஸ் அதுங்க." அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "எதுக்குங்க அந்தப் பொண்ணு அது பின்னாடியே ஓடுது?"

எதற்கு ஓடுகிறாள் என்று அந்த மைதானத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் அவருக்குப் புரியுமா என்று தெரியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். எறிஞ்சிட்டு அப்படியே நில்லு, பின்பக்கமா வா. தலையாட்டினாள். எல்லாம் புரிந்தது என்றாள். இரண்டாவது முறை வந்தபோது நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எறிந்தாள். இந்த முறையும் நல்ல தூரம். ஒரு கணம் நின்றாள். நின்றுவிட்டாள் என்றே நினைத்தேன். குண்டு விழுந்து உருள ஆரம்பித்ததும் அவள் கால் மரக்கட்டையைத் தாண்டிவிட்டது. இரண்டு அடி போன பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சிவப்புக் கொடி. சுற்றியிருந்த பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அந்தச் சிரிப்பு நின்றது. அன்றைக்கும் மஞ்சள் புடவைதான் கட்டியிருந்தேன்.

மூன்றாவது முறைக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் என் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"தெரியுது மிஸ். நிக்கணும்னுதான் நெனைக்கிறேன். காலு பாட்டுக்குப் போய்டுது. குண்டு அங்க தனியா கெடக்குதேன்னு இருக்குது. யாரு எடுப்பா அத்த?"

"அதோ அந்த அக்காதான் எடுப்பாங்க. அதுக்குன்னே நிக்கறாங்க பாரு."

அவள் அந்தக் கல்லூரிப் பெண்ணையே பார்த்தாள். அந்தப் பெண் யாரோ எறிந்த குண்டை எடுத்துத் துணியால் துடைத்து உருட்டிவிட்டாள்.

"எனக்கும் எடுத்துக் குடுப்பாங்களா மிஸ்?"

பிள்ளை பேச்சுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இத்தனை நாள் ஜன்னலில் பார்த்தேனே, யாராவது ஒரு பிள்ளையை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தால் ஆகியிருக்குமே என்று எங்கள் எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரப்பட அது நேரமில்லை.

"உனக்கும்தாண்டி எடுப்பாங்க. எடுக்கலன்னா நான் போய் எடுக்கறேன், போதுமா? நீ எறியறது மட்டும் எறி."

"நீங்களா?" என்று கேட்டு என் புடவையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மூன்றாவது முறை வட்டத்துக்குள் போய் நெடுநேரம் நின்றாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்தில் குண்டு, மடங்கிய முழங்கால். எறிந்தாள். எறிந்த அந்தக் கையை இழுத்துக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காதபடி, வட்டத்துக்குள்ளேயே பொத்தென்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் முழங்கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குண்டு விழுந்தது. உருண்டது. நின்றது. அவள் அசையவில்லை.

மைதானத்தில் அந்த மூலை முழுக்கச் சிரித்தது. நடுவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இது புதிது. பக்கத்திலிருந்த இன்னொரு நடுவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். வட்டத்துக்குள் உட்காரக் கூடாது என்று எங்கும் இல்லையே என்று அவர் கையை விரித்தார். ஆனால் எழுந்தால் கால் என்ன செய்யுமோ என்று இவளுக்குப் பயம். எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே, கையைப் பின்னால் ஊன்றி ஊன்றி, கைக்குழந்தைகள் நகர்வது மாதிரி பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வளையத்தை விட்டு வெளியே வந்தாள். வந்த பிறகுதான் எழுந்து சுடிதாரைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெள்ளைக் கொடியைத் தூக்கினார்.

அந்தக் கல்லூரிப் பெண் குண்டை எடுத்தாள். மற்றவர்களுக்குச் செய்தது போல உருட்டிவிடாமல், நடந்து வந்து இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. இவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

முதல் இரண்டு முறை எறிந்த தூரத்துக்கு இது வரவில்லை. பாதி கவனம் காலில் இருந்தால் கை எப்படிப் போகும்? ஆனாலும் முடிவு அறிவித்தபோது மூன்றாம் இடம் எங்களுக்கு வந்திருந்தது. முதலிடம் வந்த பெண்ணின் ஆசிரியர் என்னிடம் வந்து, "உங்க பொண்ணு மொதோ ரெண்டும் ஃபவுல் ஆவலன்னா எங்களுக்கு வாய்ப்பே இல்லீங்க" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பி.டி. சார் செய்தி கேட்டு ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஸ்கூல்ல நான் குண்டு எங்க விழுதுன்னுதான் பாத்துக்கினு இருந்தேன் டீச்சர்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, விக்கிரவாண்டி வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். பொழுதோடு கொண்டுபோய் அம்மாவிடம் விட்டேன்.

திங்கட்கிழமை. பிள்ளைகளிடம் விஷயம் அதற்குள் பரவிவிட்டது. உட்கார்ந்துகொண்டே நகர்ந்ததை யாரோ நடித்துக்கூடக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வழிபாடு முடிந்து தலைமை ஆசிரியர் மைக்குக்கு வந்தார். வாலிபால் அணி காலிறுதியில் தோற்றிருந்ததால் அன்றைக்கு விளையாட்டில் வாசிக்க ஒரே ஒரு பெயர்தான். மாவட்ட அளவு, குண்டு எறிதல், மூன்றாம் இடம் என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். இனிஷியலைத் தாண்டுவதற்குள் கைதட்டல் எழும்பிவிட்டது. பத்தாம் வகுப்பு கத்தியது, ஆறாம் வகுப்பு வாண்டுகள் குதித்தார்கள், சத்துணவுக் கூடத்திலிருந்து கரண்டியோடு ஓர் அம்மா எட்டிப்பார்த்துக் கை தட்டினார். நானும் தட்டினேன். அவள் யாரையும் பார்க்காமல் நடந்து மேடை ஏறினாள்.

சான்றிதழை வாங்கிக்கொண்டாள். கைதட்டல் அடங்கியது. இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. தலைமை ஆசிரியர் போகலாம் என்று கையைக் காட்டினார். அப்போதும் நின்றாள். பிறகு அவர் பக்கம் கொஞ்சம் குனிந்து ஏதோ சொன்னாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

"சார், கைதட்டுனதுல பேரு சரியா கேக்கல சார். இன்னொரு வாட்டி சொல்றீங்களா?"

ஒன்றிரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்து, யாரும் தட்டாதீர்கள் என்பது போலக் கையை உயர்த்தினார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இனிஷியலைச் சொல்லி, நிறுத்தி, அவள் பெயரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி நிதானமாக வாசித்தார். நாங்கள் எல்லோரும் சத்தமில்லாமல் நின்றோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.